பைபிள் ஓரத்துப் பென்சில்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் வரை ஒரு முப்பது பேர் "நானும் அங்கனதான் இருந்தேன்" என்று சொல்லித் திரிவதால் பெயர்களை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்காரனாகிய நான், பங்கிராஸ், வயது எழுபத்தொன்று, திராட்சை விவசாயி. எங்கள் ஊர்க் கோயிலில் முப்பத்திரண்டு ஆண்டுகளாக ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசிப்பவன். என் மனைவி ஆரோக்கியம்மாள். எங்கள் ஒரே மகள் அனிதா மேரி, சின்னமனூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். எதிர்த் தோட்டத்து ஆண்டனி ராஜ். அவர் மகன் ரூபன், பழனிசெட்டிபட்டியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருப்பவர். ஆண்டனி ராஜின் அக்கா சுகிர்தம் டீச்சர், முப்பத்தாறு ஆண்டுகள் மூன்றாம் வகுப்பு நடத்தி ஓய்வு பெற்றவர். எங்கள் இரு தோட்டத்துத் திராட்சையையும் வாங்கும் உத்தமபாளையத்து வியாபாரி உமர் பாருக். எட்டாவது ஆள் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள். சமையலுக்கு உதவ வந்தவர், அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

அனிதா மேரிக்கு வயது இருபத்தொன்பது. நான் கொண்டுவந்த ஏழு வரன்களை வேண்டாம் என்றவள். எட்டாவதாக அவளே ஒரு பெயரைச் சொன்னாள். அது ஆண்டனி ராஜின் மகன் பெயர்.

எனக்கும் ஆண்டனி ராஜுக்கும் பதினான்கு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. என் எல்லையிலிருந்து பத்தடி தள்ளி அவர் தண்ணீருக்குப் போர் போட்டார். ஆறு மாதத்தில் என் கிணற்றில் தவளை நடந்து போனது. அன்றிலிருந்து அவர் வரப்பில் வந்தால் நான் பந்தலுக்குள் போய்விடுவேன். நான் வந்தால் அவர் மேகமலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். எங்களுக்கு நடுவே உமர் பாருக்தான் ஒன்றரை ஆண்டு நடந்து, இரண்டு பேரையும் சம்மதிக்க வைத்தார். ஆனால் ஆண்டனி ராஜ் ஒரு சொல் சொல்லி அனுப்பியிருந்தார்: "அந்தப் படிய ஒரே தடவதான் ஏறுவேன். கோணலாப் போச்சுன்னா பிறகு ஏற மாட்டேன்."

ஆக, அந்த ஒரு முற்பகல் ஒழுங்காக முடிய வேண்டும். முடியாவிட்டால் அனிதா மேரி வேறு யாரையும் கட்டிக்கொள்ளப் போவதில்லை. இதை அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. காப்பியை மேசையில் வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் பயந்தேன்.

இப்போது பைபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாயைக் காப்பது பெரிய காரியம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். முப்பத்திரண்டு ஆண்டுகளில் யாரையும் நான் ஒரு தவறான சொல் சொன்னதில்லை என்று ஊரே சொல்லும். ஆனால் உள்ளே வருகிற நினைப்பு அப்படி அல்ல. திராட்சை பழுத்த தோட்டத்தில் கிளி இறங்குவதுபோல இறங்கும். விரட்டினால் அடுத்த பந்தலில் உட்காரும். வலை போட வேண்டும். எனக்கு வலை வேதவசனம். ஒருவரைப் பற்றிக் கெட்ட நினைப்பு வந்த உடனே பைபிளைத் திறப்பேன். அந்த நினைப்புக்குப் பதில் சொல்லும் ஒரு வரி கிடைக்கும்வரை வாசிப்பேன். கிடைத்ததும், அந்த வரிக்குப் பக்கத்து ஓரத்தில் என் நினைப்பைப் பென்சிலால் சிறிதாக எழுதிவிடுவேன். எழுதிய பிறகு அது அந்த வரியின் பொறுப்பு. என் பொறுப்பு இல்லை. பைபிளை மூடிவிட்டு, அந்த மனிதரிடம் போய் மலர்ந்த முகத்தோடு பேசுவேன்.

இந்த முறையால் நான் நன்றாகவே இருந்தேன். பைபிளின் ஓரங்கள்தான் கறுத்துப்போயின.

எங்கள் ஊரில் நிச்சயம் பேசுகிற அன்று, பெண் வீட்டுப் பைபிளை மாப்பிள்ளை வீட்டு மூத்த பெண் கையில் வாங்கி, ஒரு சங்கீதத்தை முழுதாக வாசிக்க வேண்டும். அதன் பிறகே தட்டு மாற்றுவது. வாசிப்பு பாதியில் நின்றால் பேச்சும் பாதியில் நின்றதாகவே கணக்கு. இந்த வழக்கத்தை நான் மறக்கவில்லை. நாள் குறித்த பிறகே இதன் ஆபத்து எனக்கு உறைத்தது.

புதுப் பைபிள் வாங்கி வைக்க முடியாது. எங்கள் வீட்டுப் பைபிளை ஊருக்கே தெரியும். கறுப்பு அட்டை, முதுகில் சைக்கிள் டியூப் ஒட்டியது. ஆகவே அழிரப்பர் வாங்கினேன். ஆரோக்கியம்மாள் மதியம் கண்ணயரும் நேரத்தில், மூன்று நாள், முன்னறையில் உட்கார்ந்து ஆண்டனி ராஜைப் பற்றியவற்றை மட்டும் தேடித் தேடி அழித்தேன். நாற்பத்தொன்று இருந்தன. மற்றவர்களைப் பற்றியவற்றைத் தொடவில்லை. விருந்தாளி மனம் கோணக் கூடாது என்பதே என் கவலை. வீட்டார் மனம் கோணலாம், அது வழக்கம்தான். அதோடு, சுத்தமான ஒரு பக்கமாகப் பார்த்து, மனைவி மக்களைப் பற்றிய நல்ல சங்கீதம் ஒன்றில் சிவப்பு நாடாவை வைத்தேன். நாடா இருக்கிற பக்கத்தை விட்டு யார் வேறு பக்கத்தைத் திறப்பார்கள்?

சுகிர்தம் டீச்சர் திறப்பார்.

பைபிளைக் கையில் வாங்கியதும் நாடாவை உருவி ரூபனிடம் கொடுத்தார். "நாடா வச்ச பக்கத்த வாசிக்கிறது பிட்டு வச்சுப் பரீட்ச எழுதுற மாதிரிப்பா. சாமி காட்டுற பக்கத்த வாசிப்போம்" என்று சொல்லி, கண்ணை மூடி, நடுவில் விரலை விட்டுத் திறந்தார்.

முப்பத்தொன்பதாம் சங்கீதம். வாய் தவறிப் பாவம் செய்யாமல் என்னைக் காத்துக்கொள்வேன் என்று ஒருவர் உறுதி எடுக்கும் பாட்டு. டீச்சர் கணீரென்று தொடங்கினார். மூன்றாம் வகுப்பு நடத்தியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: பக்கத்தில் அச்சடித்திருப்பது, எழுதியிருப்பது, கிறுக்கியிருப்பது எதையும் விடாமல் வாசிப்பார்கள். நான்காம் வரி முடிந்ததும் அதே குரலில், அதே ராகத்தில் வாசித்தார்:

"ஆரோக்கியத்தின் தங்கை வந்து இன்றோடு ஒன்பது நாள். பையை இன்னும் கட்டவில்லை."

ஆண்டனி ராஜ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகுதான் இது வேதத்தில் இல்லாதது என்று அவருக்குப் பட்டது.

"எந்தத் தங்கச்சி?" என்றாள் ஆரோக்கியம்மாள்.

நான் வேட்டி மடிப்பைச் சரிசெய்தேன்.

"எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி. அவ எப்ப ஒம்பது நாள் இருந்தா? எனக்குக் கர்ப்பப்பை ஆப்பரேசன் பண்ணுனப்பதான இருந்தா? உங்களுக்கும் சேத்துத்தான பொங்கிப் போட்டா?"

"பழசு" என்றேன்.

"பென்சிலு, டீச்சர்" என்று உமர் பாருக் எட்டிப் பார்த்தார். "பங்கிராஸ் அண்ணன் கையெழுத்து. எனக்கு லோடுச் சீட்டு எழுதுற அதே எழுத்து. இன்னும் இருக்கா பாருங்க."

"வாசிப்பு நடக்கட்டும்" என்றேன் கடுமையாக. "ஓரத்தை விட்டுவிட்டு வாசிங்க."

"ஏப்பா, எழுதியிருக்கத எப்பிடிப்பா விட்டுட்டு வாசிக்கிறது?" என்ற டீச்சர் பக்கத்தைத் திருப்பினார். அவருக்கும் ஆவல் வந்துவிட்டது. "உமர் பாருக் ஒரு கதையை ஆரம்பித்து முடிப்பதற்குள் கொடியில் கிடக்கிற பழம் கிஸ்மிஸ் ஆகிவிடும்."

உமர் பாருக் தொடையில் தட்டிச் சிரித்தார். "எங்க வீட்ல ரம்லத்தும் இதத்தான் சொல்லுது! ஒரு தடவ கூடலூர்ல ஒரு வியாபாரி..." என்று அதற்கு ஒரு கதையைத் தொடங்கிப் பாதியில் அவரே நிறுத்திக்கொண்டார்.

"பஞ்சம்மாள் சாம்பாரில் பருப்பைத் தேட டார்ச் லைட் வேண்டும்" என்று டீச்சர் அடுத்ததை வாசித்தார்.

அடுப்படி வாசலில் கரண்டி கதவு நிலையில் மோதும் சத்தம் கேட்டது. "இருக்கட்டும். இன்னைக்கு டார்ச்சோட உக்காருங்க. ஏழு கிலோமீட்டர் போய்ப் பருப்பு வாங்கியாந்தவ நானு" என்றார் பஞ்சம்மாள். உள்ளே போகவில்லை, அடுத்தது என்ன என்று தெரிய வேண்டுமே.

சுகிர்தம் டீச்சர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பங்கிராஸு, வாசல்ல காவக்காரன நிறுத்தி வச்சுட்டு, திருடன் அம்புட்டுப் பேரையும் உள்ளயே குடி வச்சிருக்கியேப்பா."

என் முதுகு நேராகவே இருந்தது. ஆனால் வியர்த்துவிட்டது. இருந்தாலும் ஒரு நிம்மதி: எது படிக்கப்பட்டாலும் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. மதியத் தூக்கத்தை விட்டு நான் செய்த வேலை வீண்போகவில்லை. எங்கள் வீட்டுச் சண்டை எங்களோடு. அவர்களுக்குக் கோபப்பட இடமே இல்லை.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டனி ராஜ் கையை நீட்டினார். "அக்கா, அதக் குடு."

பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒன்றாம் சங்கீதத்திலிருந்து தொடங்கினார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, எழுத்து இல்லாத ஓரங்களை வேகமாகத் தள்ளிவிட்டுத் திருப்பினார். கூடத்தில் எல்லாரும் அவர் விரலையே பார்த்தோம். ஓரங்களில் என் மைத்துனர்கள் வந்தார்கள், மின் கணக்கு எடுப்பவர் வந்தார், பாட்டுக் குழுவில் சுதி சேராத இருவர் வந்தார்கள், ஒரு கோழிகூட வந்தது. கடைசிப் பக்கம்வரை போய்விட்டு, கண்ணாடியைக் கழற்றினார். முகம் சிறுத்துப்போயிருந்தது.

"எனக்கு எங்க?" என்றார்.

"எது?" என்றேன்.

"எதிர்த் தோட்டம். பதினாலு வருசம். மூஞ்சி பாத்ததில்ல, ஒரு வார்த்த பேசுனதில்ல. சரி, உள்ளுக்குள்ள நம்மளப் போட்டுக் கறுவிக்கிட்டிருப்பாகன்னு நானும் ஒரு மரியாதையோட இருந்தேன். பஞ்சம்மா பருப்புக்கு ஒரு வரி. கோழிக்கு ஒரு வரி. எனக்கு ஒண்ணுமில்ல." பைபிளை மூடினார். "அப்ப பதினாலு வருசமா உம்ம நெனப்புலயே நான் இல்ல. நான் யாரு? வரப்பா? வேலிக் கல்லா?"

"அப்பா..." என்றார் ரூபன்.

"ஏலே, எந்திரி. கோழிக்குக் கீழ இருக்கவன் எப்பிடிச் சம்பந்தம் பேசுறது?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். சுகிர்தம் டீச்சர் பைபிளை வாங்கிக்கொண்டு எழுந்தார். வாசிப்பு நான்காம் வரியில் நின்றிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அன்று என் நிலையை யோசித்துப் பாருங்கள். வாயைத் திறக்காமல் இருந்தால், யாரைப் பற்றியும் பெரிதாகக் கெட்டது நினைக்காத பங்கிராஸ் என்ற பெயர் நிற்கும். மைத்துனி, பருப்பு, கோழி இவையெல்லாம் சின்ன விஷயம். ஊர் சிரித்துவிட்டு விட்டுவிடும். உண்மையைச் சொன்னால், நாற்பத்தொரு முறை ஒரு மனிதனைக் கறுவி, அதை மறைக்க வேதப் புத்தகத்தை ரப்பரால் தேய்த்தவன் என்று ஆகும். முப்பத்திரண்டு ஆண்டு வாசகப் பீடத்தில் நின்ற குடும்பத்துக்கு அது பொருந்துமா? நான் சுவரில் இருந்த திரு இருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அனிதா மேரி உள்ளறையிலிருந்து வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. தாழ்ந்த குரலில்தான் பேசினாள். ஆனால் வாசல்வரை கேட்டது.

"மூணு நாளா முன்னறையில அழிரப்பர் தூளக் கூட்டுனது நான்தாம்ப்பா. நான் சொல்லிருவேன். ஆனா நீங்களே சொன்னா நல்லாருக்கும்."

வாசலில் ஆண்டனி ராஜ் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தார். மற்றதை மாட்டாமல் நின்றார்.

"அழித்தேன்" என்றேன்.

"என்னத்த?" என்றார்.

"உம்மைப் பற்றி எழுதியதை. முந்தாநாள் வரை இருந்தது."

"எம்புட்டு?"

"நாற்பத்தொன்று."

சுகிர்தம் டீச்சர் உடனே பைபிளைத் திறந்து, பக்கங்களை ஒவ்வொன்றாக சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார். "ஆமாடா தம்பி. இங்கன தேச்சிருக்கு. இங்கனயும் தேச்சிருக்கு. அடேயப்பா, நூத்தி ஒம்பதாம் சங்கீதத்தப் பாரு, தேச்ச தேப்புல தாளே ஓட்டையாப் போச்சு!"

நூற்றொன்பது பகைவனைச் சபிக்கிற பாட்டு. அதன் ஓரத்தில் மட்டும் பதினொன்று எழுதியிருந்தேன்.

ஆண்டனி ராஜ் ஒற்றைச் செருப்போடு கூடத்துக்குள் வந்தார். எங்கள் வீட்டுக்குள் செருப்புக் காலோடு யாரும் வந்ததில்லை. அவர் பைபிளை வாங்கி, அந்த ஓட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் வழியே என்னைப் பார்த்தார்.

"இதுல என்ன இருந்துச்சு?" என்றார். குரல் மாறியிருந்தது.

"அது வேண்டாம்."

"சொல்லணும். இது என் ஓட்ட."

முப்பத்திரண்டு ஆண்டில் முதல் தடவையாக, பக்கத்தில் ஒரு வசனமும் இல்லாமல், உள்ளே இருந்ததை வெளியே சொன்னேன். "ஆண்டனி ராஜின் மோட்டார் கருகட்டும்."

ஆண்டனி ராஜ் பைபிளைக் கீழே இறக்கினார்.

"கருகுச்சே" என்றார் அவர் மெதுவாக. "மோட்டாருக்குப் புதுக் காயில் சுத்தி மாட்டுனேன். மறுபடியும் கருகுச்சு. மூணு தடவ கருகுச்சு. எத்தன தடவ எழுதுனீரு?"

நான் சற்று யோசித்தேன். பொய் சொல்வதில்லை. "மூன்று தடவை."

பஞ்சம்மாள் சட்டென்று சிலுவை போட்டார். உமர் பாருக், "அது வோல்டேஜு! அந்த வருசம் நம்ம பக்கம் அம்புட்டு மோட்டாரும் போச்சு" என்று குறுக்கே வந்தார். "விவசாயி இவரு, மந்திரவாதி இல்ல."

"நான் அடக்கியது நினைப்பை. மோட்டாரை அல்ல" என்றேன் நானும்.

ஆண்டனி ராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். பதினான்கு ஆண்டுக்குப் பிறகு அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். நரைத்துவிட்டிருந்தார்.

"உம்ம கிழக்குப் பந்தல் சாஞ்சுச்சே, ஐப்பசிக் காத்துல" என்றார்.

"ஆமாம். அரை ஏக்கர்."

"அது சாயணும்னு கேட்டவன் நான்தான். உமக்குப் புத்தகம் இருக்கு, பென்சில் இருக்கு. எனக்கு எழுத வராது. நேராக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி பொருத்தி, அந்தோணியார்கிட்ட சொல்லிட்டேன். சாஞ்ச பிறகு ரெண்டு நாள் சோறு எறங்கல மச்சான்."

மச்சான் என்றார். எல்லாரும் கவனித்தார்கள்.

"பந்தல நிமித்த ஆளு போனப்ப நானும் அவங்களோட வந்தேன் மாமா" என்றார் ரூபன். வந்ததிலிருந்து அவர் பேசிய இரண்டாவது பேச்சு அது. "அப்பா அனுப்பல. நானாத்தான். ஆளுக்கெல்லாம் அனிதாதான் டீ கொண்டாந்துச்சு."

அனிதா மேரிக்குத் திடீரென்று இருமல் வந்தது. இவர்கள் எங்கே பழகினார்கள் என்று ஒன்றரை ஆண்டாக உமர் பாருக்கிடம் கேட்டும் கிடைக்காத விடை எனக்கு அப்போது கிடைத்தது. அதற்கும் ஒரு நினைப்பு வந்தது. பென்சில் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. விட்டுவிட்டேன், அது தானாகவே போய்விட்டது.

சுகிர்தம் டீச்சர் தொண்டையைச் செருமினார். "வாசிப்பு நாலாவது வரியில நிக்கிது. உக்காருங்க எல்லாரும். ஆண்டனி, செருப்பக் கழத்து." முப்பத்தொன்பதாம் சங்கீதத்தை எடுத்து, இம்முறை ஓரத்தை இடது கையால் மூடிக்கொண்டு, கடைசி வரிவரை வாசித்தார். முடிந்ததும் தட்டு மாற்றினோம். திருமணம் வைகாசியில், எங்கள் ஊர்க் கோயிலில். மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. யாரும் தடை சொல்லவில்லை.

ஆரோக்கியம்மாள் தன் தங்கையை வரவழைத்திருக்கிறாள். பன்னிரண்டு நாளாக இருக்கிறார். நல்ல மனுஷி.

சின்னமனூர் டீக்கடைகளில் ஒரு பேச்சு ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். ஆண்டனி ராஜ் வீட்டார் அன்று எங்கள் வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போய்விட்டார்கள் என்று. அது தவறு. சாப்பிட்டார்கள். ஆண்டனி ராஜ் வடை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நடுவில் ஒருமுறை எழுந்து வெளியே போனது உண்மை. மிளகாயைக் கடித்துவிட்டார், தண்ணீர் குடிக்கப் போனார்.